முதியோர் மனநலச் செவிலியர் பணி: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கத்து நர்சிங் மாணவர்களும், அவர்களைப் பெற்றவர்களும், வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அவரவர் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். முதலில் படிப்பும் வேலையும். போகப்போக வார்டிலும் வீட்டிலும் கை தடுமாறும் இடங்கள்.

வயசானா மறதியும் வெசனமும் வர்றது சகஜம்தானுங்க? அதுக்குன்னு தனியா ஒரு நர்ஸ் எதுக்குங்க?

சந்தைக்குப் போய் வாங்க வேண்டியதில் ஒன்றை மறந்துவிட்டு வருவது வயதின் மறதி. நாற்பது வருஷமாகப் போய்வந்த சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது நோய். வெசனமும் அப்படித்தான். துணையை இழந்தவர் அழுவார், பிறகு மெல்ல மெல்லப் பண்ணையத்துக்குத் திரும்புவார். மாதக்கணக்கில் சோறு இறங்காமல், விடிகாலை மூன்று மணிக்கே விழித்து, பேரன் வந்தால்கூட முகம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தால் அது மருந்துக்கும் பேச்சுக்கும் குணமாகக்கூடிய மனச்சோர்வு. 'வயசாச்சு' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் கட்டிவிடுவதால்தான் குணமாகக்கூடியவர்கள் கவனிப்பில்லாமல் கிடக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். இந்தியாவில் 60க்கு மேற்பட்டோரில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தோட்டத்துச் சாளையில் இரண்டு பெரியவர்கள் மட்டும் இருப்பது நம் பக்கம் வழக்கமான காட்சி. இவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி, காது மந்தம், மனநோய் எல்லாம் ஒரே உடம்பில் பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் இந்தத் துறைச் செவிலியர்.

பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்குதுங்க. இந்த வேலைக்கு என்ன படிக்கோணும்?

முதலில் பொது நர்சிங். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று ஆண்டு. அதை முடித்தவர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் வாங்கலாம். எதைப் படித்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றத்தில் பதிவு செய்த பிறகே வேலை. சேரும் முன் கல்லூரிக்கு மன்றத்தின் அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு உண்டா என்று பாருங்கள். பெயர்ப்பலகை பெரிதாக இருப்பது அங்கீகாரம் ஆகாது.

மனநலப் பாடம் ஜி.என்.எம்.மில் இரண்டாம் ஆண்டும் பி.எஸ்சி.யில் மூன்றாம் ஆண்டும் வரும். அந்தப் பாடத்தின் வார்டு போஸ்டிங்கில் பலர் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்தத் துறைக்கு வர நினைப்பவர் அந்த வாரங்களில் நோட்டை மூடிவிட்டு நோயாளியிடம் பழமை பேசப் பழகட்டும்.

ஸ்பெஷலைஸ் பண்ண எம்.எஸ்சி. கட்டாயமுங்களா?

கட்டாயமில்லை. மூன்று வழிகள் உண்டு. ஓராண்டு மனநலச் செவிலியர் போஸ்ட் பேசிக் டிப்ளமோ, வார்டில் நிற்க விரும்புபவருக்கு ஏற்றது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் இது உண்டு. ஓராண்டு முதியோர் நலச் செவிலியர் டிப்ளமோ தனியாக இருக்கிறது. எம்.எஸ்சி. மனநல நர்சிங் இரண்டு ஆண்டு, பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஓராண்டு அனுபவமும் கேட்பார்கள். கல்லூரியில் பாடம் நடத்தவும், பொறுப்புப் பதவிக்கும் எம்.எஸ்சி. வேண்டும்.

எங்கள் யோசனை ஒன்று. பட்டம் முடித்ததும் நேரே மனநல வார்டுக்குப் போகாமல் ஓராண்டாவது பொது மருத்துவ வார்டில் இருங்கள். முதியவரின் மனக்குழப்பத்துக்கு அடியில் பாதி நேரம் சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைவோ, கட்டிய மலமோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் கண் பொது வார்டில்தான் வளரும்.

படிச்சுட்டு நம்ம ஊர்ப் பக்கம் வேலை கிடைக்குமுங்களா, இல்ல மெட்ராஸ் போகோணுமா?

சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது. நீண்ட நாள் நோயாளிகளோடு பழக அது பெரிய பள்ளிக்கூடம். ஆனால் வேலைக்காக அங்கே போயாக வேண்டியதில்லை. கோவை, பெருந்துறை, சேலம், கரூர், திருப்பூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டக் குழு வட்டார மருத்துவமனைகளுக்குப் போய்வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடிப் போவதால், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் இப்போது கண்ணுக்குத் தெரிகிறார்கள். அரசு செவிலியர் நியமனம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக நடக்கிறது.

தனியாரில் பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, குடிநோய் மறுவாழ்வு மையம், கோவையைச் சுற்றி முளைத்திருக்கும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள், டிமென்ஷியா இல்லங்கள் உண்டு. சம்பளம் இடத்துக்கு இடம் மாறும். தொகையைக் கேட்பதோடு நிறுத்தாமல் இரவில் எத்தனை பேருக்கு ஒரு செவிலியர் என்று கேளுங்கள். டிமென்ஷியா உள்ள முப்பது பேரை ஒருவரிடம் விட்டுவிடும் இடம் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். அங்கே தவறு நடந்தே தீரும், பழியும் உங்கள் மேல் விழும்.

ஆம்பளப் பசங்க இதுக்கு வரலாமுங்களா?

தாராளமாக. ஆண் முதியவர்களைக் குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற ஆண் செவிலியரைத்தான் குடும்பங்கள் தேடுகின்றன. ஆனால் 'முரட்டு நோயாளியைப் பிடிக்க ஆள்' என்று எடுக்கும் இடத்தில் சேராதீர்கள். அது செவிலியர் வேலையில்லை.

வெளிநாடு போனா இந்தப் படிப்பு உதவுமுங்களா?

உதவும். பிரிட்டனில் மனநல நர்சிங் தனிப் பிரிவாகவே பதிவாகிறது. எந்தப் பிரிவில் பதிவு கேட்கிறீர்களோ அந்தப் பிரிவின் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும். ஆங்கிலத் தேர்வு ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் கேட்டல், படித்தல், பேசுதலில் 7, எழுதுதலில் 6.5, ஓ.இ.டி. என்றால் மூன்றில் பி, எழுதுதலில் சி பிளஸ். ஜெர்மனிக்கு மொழிதான் மலை. சென்ற இடத்திலும் உங்கள் கையில் வந்து சேர்பவர் பெரும்பாலும் 80 வயதுக்காரராகவே இருப்பார் என்பதால் முதியோர் அனுபவம் வீண்போகாது.

நேத்து வரைக்கும் நல்லா இருந்த அப்பாரு இன்னைக்கு ஆளு அடையாளம் தெரியாம ஒளறறாருங்க. இது டிமென்ஷியாவுங்களா?

இல்லை என்றே எடுத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஊறிவரும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் வந்தால் அது டெலிரியம், அதாவது உடம்புக் கோளாறால் வரும் திடீர் மனக்குழப்பம். காலையில் தெளிவாகப் பேசியவர் சாயங்காலம் சுவரோடு பேசுவார். ஒரு கேள்வியில் மனம் நிற்காது. கூச்சல் போடுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் தூங்கித் தூங்கி வழிகிற டெலிரியம்தான் தப்பிப்போகும். 'பாட்டி இன்னைக்கு தொந்தரவே பண்ணலை' என்று இரவு டூட்டி எழுதிவைத்த பாட்டிக்குக் காலையில் நுரையீரல் தொற்று என்று தெரியவரும்.

தேடும் வரிசை: காய்ச்சல், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, சிறுநீர் போகிறதா, அடிவயிறு புடைத்திருக்கிறதா, வெளிக்குப் போய் எத்தனை நாள், வலி எங்காவது உண்டா, நாக்கு வறண்டிருக்கிறதா, கடந்த வாரம் எந்தப் புது மாத்திரை, கடைசியாகக் குடித்தது எப்போது, இரண்டு மூன்று வாரத்துக்குள் கீழே விழுந்தாரா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டிலிலிருந்து சறுக்கி விழுந்து லேசாகத் தலை இடித்தவருக்கு மெல்ல ரத்தம் கசிந்து வாரங்கள் கழித்துக் குழப்பம் வரும்; ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இது அதிகம்.

அளக்க '4ஏடி' என்ற சிறு சோதனை போதும், இரண்டு நிமிஷம். விழிப்பு நிலை, வயது–பிறந்த தேதி–இடம்–ஆண்டு என நான்கு கேள்வி, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது, திடீர் மாற்றமா என்பது. மொத்த மதிப்பெண் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம் இருக்கலாம். மருத்துவரை அப்போதே கூப்பிட வேண்டும், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது.

எங்க ஆத்தா பள்ளிக்கூடமே போனதில்லைங்க. தேதி கேட்டா எப்படிச் சொல்லும்?

சரியான கேள்வி. எழுதப்படிக்கத் தெரியாதவரிடம் வாக்கியம் எழுதச் சொல்லி மதிப்பெண் குறைத்து 'மறதி நோய்' என்று எழுதினால் குற்றம் சோதனையுடையது. தேதியைவிடத் தமிழ் மாதம், அமாவாசை கழிந்ததா, உள்ளூர்ச் சந்தை என்ன கிழமை, மாரியம்மன் நோம்பி முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். மாதங்களுக்குப் பதில் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லலாம். எதை மாற்றிக் கேட்டீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை கேட்பவர் வேறு கேள்வி கேட்டு, 'நிலை மோசம்' என்று முடிவு கட்டுவார்.

அதற்கும் முன் காது. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் முப்பது வருஷம் விசைத்தறிச் சத்தத்தில் நின்றவருக்குக் காது மந்தமாகியிருக்கலாம். கேட்காததால் பதில் சொல்லாதவரை மறதிக்காரர் ஆக்கிவிடாதீர்கள். காதில் குரும்பி அடைத்திருக்கிறதா, கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்த்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து, மெதுவாகத் தாழ்ந்த குரலில் பேசுங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்தவர்கள் இங்கே நிறைய. டிமென்ஷியா முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும். தமிழில் பேச்சே இல்லாமல் போனவர் தாய்மொழியில் பதில் சொல்வதுண்டு. அட்மிஷன் தாளில் வீட்டு மொழி என்ன என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

சோர்வா மறதியான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறதுங்க?

மனச்சோர்வு உள்ளவர் கேள்விக்கு 'தெரியலீங்க, விடுங்க' என்பார். தன் மறதியைத் தானே பெரிதுபடுத்துவார். டிமென்ஷியா உள்ளவர் தப்பான பதிலைத் தயக்கமின்றிச் சொல்வார். மறதி இருப்பதாக வீட்டார்தான் சொல்வார்கள். இது ஒரு கைகாட்டி மட்டுமே, தீர்ப்பில்லை. இரண்டும் ஒன்றாக இருப்பவர்கள் ஏராளம்.

நம் பெரியவர்கள் 'மனசு சரியில்லை' என்று வந்து நிற்பதில்லை. நெஞ்சு எரியுது, மேலுக்கு முடியலை, கை கால் ஓயுது, வயித்தைப் பிசையுது என்றுதான் வருவார்கள். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தால் முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்விகளைக் கேளுங்கள். ஆம், இல்லை என்ற பதில் போதும், மதிப்பெண் 5க்கு மேல் போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டிமென்ஷியா முற்றியவருக்கு இது பொருந்தாது. அவர்களுக்குக் கார்னெல் அளவுகோல், கவனிப்பவரையும் கேட்டுப் போடுவது. தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாத்திரை கொடுக்கிறதுல சின்னவங்களுக்கும் பெரியவங்களுக்கும் என்னங்க வித்தியாசம்?

சிறுநீரகமும் ஈரலும் மெதுவாக வேலை செய்வதால் மருந்து உடம்பில் நெடுநேரம் தங்கும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதுதான் விதி. மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டாலோபிராம் முதியவருக்கு நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகப் போவதில்லை. இந்த வகை மருந்துகள் சோடியத்தை இறக்கும். ரத்த அழுத்தத்துக்கு நீர்ப்போக்கு மாத்திரையும் சாப்பிடுபவருக்கு இன்னும் எளிதாக. ரத்தத்தில் சோடியத்தின் இயல்பான அளவு 135 முதல் 145. மருந்து தொடங்கிய முதல் மாதத்துக்குள் தள்ளாட்டம், தலைவலி, குமட்டல், குழப்பம் வந்தால் சோடியத்தை நினையுங்கள்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவருக்கு, அதன் அளவைப் பார்க்க ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து. காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு ரத்தம் எடுத்தால் எண் பொய் சொல்லும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேதி, தள்ளாடும் நடை இவை விஷமாவதன் அறிகுறி. அடுத்த வேளையை நிறுத்திவைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் லித்தியத்தை ஏற்றிவிடும். சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்தாலும் ஏறும்.

சளி மாத்திரையிலுள்ள குளோர்பெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், கை இறுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிபெனிடில், இந்த மூன்றும் வாயை வறட்டி, மலத்தைக் கட்டி, சிறுநீரை அடைத்து, மூளையையும் குழப்பும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ விழ வைக்கும். வருஷக்கணக்கில் போட்டவருக்குச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதனால் முதல் நாளே வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு டாக்டர் சீட்டில் இருப்பதை அந்தப் பை காட்டிக்கொடுக்கும்.

மருந்து மாற்றும்போதெல்லாம் படுத்த நிலையில் ஐந்து நிமிஷம் வைத்து ஒரு பி.பி., எழுந்து நின்ற 1ஆம், 3ஆம் நிமிஷங்களில் ஒவ்வொன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், இரவில் சிறுநீருக்கு எழும்போது விழப்போகிறார் என்று பொருள்.

குளிக்கக் கூப்பிட்டாலே அடிக்க வர்றாங்க. என்ன பண்றதுங்க?

மறுப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். குளிர், கூச்சம், முட்டி வலி, தலையில் ஊற்றும் தண்ணீரின் பயம், ஈரத் தரை பளபளப்பது குழியாகத் தெரிவது. மூன்று நாள் குறித்துவையுங்கள்: அடிக்க வருமுன் என்ன நடந்தது, என்ன செய்தார், பிறகு என்ன ஆனது. மூன்று நாளில் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

'குளிக்கிறீங்களா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்ற பதில் தயாராக இருக்கும். வெந்நீரை எடுத்துவைத்துவிட்டு, துண்டைக் கையில் கொடுத்து, 'சனிக்கிழமைங்க, எண்ணெய் காய்ச்சியாச்சு' என்று சொல்லிப் பாருங்கள். உடம்பில் ஊறிய பழக்கம் அறிவுக்கு முன்னால் நகரும். தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, காலிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள்; தலை கடைசி. இன்று முடியாவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நாளை பார்க்கலாம். ஒரு நாள் குளிக்காததால் ஒன்றும் ஆகாது. இழுத்துப் பிடித்துக் குளிப்பாட்டினால் ஒரு மாதம் உங்களை நம்ப மாட்டார்.

சாப்பாட்டுக்கும் இதே வழி. தட்டில் ஒரே ஒரு பண்டம், எதிரே உட்கார்ந்து நீங்களும் ஒரு வாய். கையில் எடுத்துத் தின்னக்கூடியதாக இட்லித் துண்டு, குட்டையாக நறுக்கிய சந்தகை. விழுங்கும்போது இருமினாலோ, சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது. நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு வாயாகக் கொடுத்து, முடித்தபின் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள்.

மருமக நகையைத் திருடிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுதுங்க. நாங்க எப்படிப் பதில் சொல்றது?

வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். 'நகையைக் காணோம்னா வெசனமாத்தான் இருக்கும், வாங்க தேடலாம்' என்று கூடவே தேடுங்கள். ஒளித்துவைத்த இடம் மறந்துபோய், அந்தக் காலி இடத்தை மூளை 'திருட்டு' என்று நிரப்பிக்கொள்கிறது. அரிசி அண்டா, தலையணை உறை, புடவை மடிப்பு, சாமி படத்தின் பின்புறம் என்று ஒவ்வொருவருக்கும் நான்கைந்து இடம் இருக்கும். பட்டியல் போட்டு வையுங்கள். மருமகளிடம் இது நோயின் பேச்சு என்று தனியாக உட்கார்ந்து விளக்குவது உங்கள் வேலையில் பாதி. அந்தப் பெண்தான் இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டு பழியும் சுமக்கிறார்.

ஆனால் 'மனநோயாளி சொல்வது' என்று தள்ளிவிடும் முன் உண்மையிலேயே பணமோ நகையோ போகிறதா என்று ஒரு தரம் விசாரியுங்கள். சில வீடுகளில் போகிறது. காயம், பட்டினி, மிரட்டல் தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567.

'போய்ச் சேர்ந்துட்டா தேவலை'ங்கறாங்க. தற்கொலையைப் பத்திக் கேட்டா நாமளே ஐடியா கொடுத்த மாதிரி ஆயிடாதுங்களா?

ஆகாது. கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. கேட்டவரிடம் மனம் திறப்பவர்கள்தான் அதிகம். படியாகக் கேளுங்கள். 'வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுதுங்களா?' 'நாமளே முடிச்சுக்கலாம்னு நினைச்சதுண்டுங்களா?' 'எப்படின்னு யோசிச்சீங்களா?' 'அது வீட்டுல கைக்கெட்டுற இடத்துல இருக்குதுங்களா?' மூன்றாவது கேள்விக்கு ஆம் என்றால் தனியே விடக்கூடாது. அன்றே மனநல மருத்துவர்.

முதியவர் முயன்றால் இளையவரைவிடத் தப்புவது குறைவு. திட்டமிட்டுச் செய்வார்கள், உடம்பும் தாங்காது. தோட்டத்து வீடுகளில் பூச்சிமருந்து ஆபத்தின் மையம். டப்பாவை வீட்டுக்குள்ளோ அட்டாலியிலோ வைக்காமல், பூட்டுள்ள இடத்தில், சாவியை வேறொருவர் கையில் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள். மாத்திரை ஒரு வாரத்துக்கு மேல் கையிருப்பு வேண்டாம். தலையணைக்கடியில் சேர்த்துவைக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள். நகையைப் பங்கிடுவது, கடன் கணக்கை அவசரமாக முடிப்பது, சாப்பாட்டையும் மாத்திரையையும் அமைதியாக மறுப்பது எல்லாம் எச்சரிக்கை. மனநல உதவிக்கு டெலிமானஸ் எண் 14416, எந்நேரமும், தமிழில் பேசலாம்.

இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு வந்தவரு மூணாம் நாள் பூச்சி ஊருதுன்னு துணியைக் கிழிக்கறாருங்க. பைத்தியம் பிடிச்சிருச்சுங்களா?

தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தியதால் வரும் டெலிரியமாக இருக்கலாம். கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், 48 மணிக்குள் வலிப்பு, 48 முதல் 72 மணிக்குள் இல்லாததைக் காண்பது. உயிருக்கு ஆபத்தான நிலை இது. மானத்துக்குப் பயந்து வீட்டார் அட்மிஷனில் மறைத்திருப்பார்கள். அதனால் 'குடிப்பீங்களா?' என்று எல்லார் முன்னாலும் கேட்காமல், தனியாக 'கடைசியா எப்பங்க குடிச்சீங்க?' என்று கேளுங்கள்.

குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போயிருக்க வேண்டும். வரிசை மாறினால் மூளை நிரந்தரமாகக் கெடலாம். வெளிச்சம் வைத்து, ஒரே முகம் பக்கத்தில் இருக்கச் செய்து, நாடியையும் காய்ச்சலையும் அடிக்கடி பாருங்கள். மேலே சொன்ன மற்ற காரணங்களையும் தேட மறக்க வேண்டாம். குடித்தவருக்குச் சிறுநீர்த் தொற்று வரக்கூடாது என்று சட்டம் இல்லை.

கட்டிப் போடலாமுங்களா? வீட்டுல அப்படித்தான் பண்ணியிருக்காங்க.

2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். இந்தக் கேள்விக்கு அதை நினைக்காமல் பதில் சொல்ல முடியாது.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 97: தனியறையில் அடைப்பது கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் கட்டலாம். காரணமும் நேரமும் எழுத வேண்டும், நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை காரணமாகாது. நடைமுறையில் கட்டிப்போட்ட முதியவர் இன்னும் மிரளுவார், தோல் கிழியும், படுக்கைப் புண் வரும். கட்டிலைத் தாழ்த்துங்கள், தேவையில்லாத சிறுநீர்க் கதீட்டரையும் டிரிப் குழாயையும் எடுத்துவிடக் கேளுங்கள், இரண்டு மணிக்கொரு முறை கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள், பழகிய ஆளை உட்காரவையுங்கள். இரவில் அலைபவர்களில் பலர் சிறுநீர் கழிக்க இடம் தேடுபவர்கள்தான்.

மயக்க ஊசியும் ஒருவகைக் கட்டுதான். டிமென்ஷியா உள்ளவருக்கு மனப்பிறழ்வுக்கான (ஆன்டிசைகோடிக்) மருந்துகள் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டும் என்று 2005இலிருந்தே எச்சரிக்கை உண்டு. மிகக் குறைந்த அளவில், குறுகிய காலம், கடைசி வழியாக மட்டும்.

ஷாக் ட்ரீட்மென்ட்டுன்னு எழுதியிருக்காங்க. வயசானவங்க தாங்குவாங்களா?

சாப்பிட மறுக்கும் அளவு முற்றிய சோர்வுக்கு முதியவரிடம் இது நன்றாக வேலை செய்யும். மயக்க மருந்தும் தசைத் தளர்ப்பியும் இல்லாமல் கொடுப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. 6 மணி நேரம் திட உணவு கூடாது, தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை. பல்செட்டைக் கழற்றி, சிறுநீர் கழிக்கவைத்து அனுப்புங்கள். காதுக்கருவியைக் கடைசியாகக் கழற்றி, விழித்ததும் முதலில் மாட்டுங்கள். எழுந்தபின் சிறிது நேரம் குழம்புவார். பெயர், இடம், நாள் சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருங்கள், தனியாக எழவிடாதீர்கள்.

பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து போடச் சொல்றாங்க. போடலாமுங்களா?

போடாதீர்கள். நிலமும் வீடும் உள்ள குடும்பங்களில் இது வந்தே தீரும். 'எங்க நிர்வாக விதிப்படி முடியாதுங்க' என்று சொல்லி மேலதிகாரியிடம் தெரிவித்து, கேட்ட நேரத்தைக் குறிப்பில் எழுதுங்கள். அதேபோல் ஏ.டி.எம். கார்டு, பீரோ சாவி, ஓ.டி.பி. எதையும் கையில் வாங்காதீர்கள்.

இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார் என்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். நீதிமன்றம்தான் அப்படி அறிவிக்க முடியும் என்று 2017 சட்டத்தின் பிரிவு 3 சொல்கிறது. 'அம்மாவுக்கு மனநோய்னு எழுதிக் கொடுங்க' என்று மகன் கேட்டால் அதன் நோக்கத்தை யோசியுங்கள். பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23இன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ரத்து செய்யக் கேட்கலாம்.

வீட்டுல தங்கிப் பார்த்துக்கற வேலைக்குக் கூப்பிடறாங்க. எதைப் பேசிக்கோணும்?

பயிற்சியே இல்லாதவரையும் 'ஹோம் நர்ஸ்' என்றுதான் ஏஜென்சிகள் அனுப்புகின்றன. நீங்கள் பதிவு பெற்றவர் என்றால் அந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லுங்கள். தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: வேலை நேரம், தொடர்ந்து ஏழு மணி நேரத் தூக்கம், வார விடுப்பு, நீங்கள் இல்லாதபோது யார், அவசரத்தில் யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது. ஊசியும் டிரிப்பும் மருத்துவரின் எழுத்துச் சீட்டு இருந்தால் மட்டும். சமையலும் பாத்திரமும் உங்கள் தலையில் விழுமா என்பதையும் முன்பே பேசுங்கள். மாத்திரை நேரம் தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்ட அமுச்சி இறந்துட்டாங்க. வார்டுக்குப் போகவே மனசு வரலீங்க. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா?

லாயக்கானவர் என்பதால்தான் வலிக்கிறது. துக்கம் கேட்கக் குடும்பம் கூப்பிட்டால் போய்வாருங்கள். அவருடைய கட்டிலில் அடுத்தவரை அன்றே உங்கள் பொறுப்பில் விட வேண்டாம் என்று பொறுப்புச் செவிலியரிடம் கேளுங்கள். அது சலுகையில்லை, நல்ல வார்டில் அப்படித்தான் செய்வார்கள். கூட வேலை செய்தவர்களோடு உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால், நோயாளிக்குச் சொல்வதை உங்களுக்கும் செய்துகொள்ளுங்கள்: மருத்துவரைப் பாருங்கள், அல்லது மேலே கொடுத்த 14416.